மல்லியின் மெத்தை

அக்டோபர் 7, செவ்வாய்
இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக மல்லியின் மெத்தை நனைந்திருந்தது. ஏழு வயது பாக்ஸர் நாய், குட்டியாக வந்த சில வாரங்களிலேயே தோட்டத்துக்குப் போய்த்தான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டவள், அதனாலேயே எனக்குக் கோபம் வந்து காலையில் சத்தம் போட்டுவிட்டேன். காதை மடக்கிக்கொண்டு சமையலறை மூலையில் போய் நின்றாள். மத்தியானம் அவள் அசந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூச்சு சீராக ஏறி இறங்குகிறது, கனவில் ஒரு கால் துடிக்கிறது, வாலுக்குக் கீழே துணியில் ஈர வட்டம் மெல்லப் பெரிதாகிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. எழுந்து அந்த ஈரத்தை முகர்ந்துவிட்டு என்னைத்தான் பார்த்தாள்.

அக்டோபர் 9, வியாழன்
டாக்டருக்குக் காலையில் முதலில் போகும் சிறுநீர் வேண்டுமாம். லண்டன் இருட்டில் டார்ச்சும் பழைய குழிக்கரண்டியுமாக அவள் பின்னால் நடந்தேன். முன்கூட்டியே கரண்டியை நீட்டினால் எழுந்துவிடுகிறாள், நன்றாகக் குந்திய பிறகு பின்னாலிருந்து நீட்ட வேண்டும். மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. திட்டு வாங்கியதிலிருந்து மெத்தைப் பக்கமே போவதில்லை, வெறும் டைல்ஸில் படுக்கிறாள். பழைய காட்டன் புடவையை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்
கிருமித்தொற்று இல்லை, சர்க்கரை இல்லை, சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது. அதையெல்லாம் பார்க்காமல் மருந்து தொடங்கக் கூடாது என்றார் டாக்டர். காரணம் அவளுக்குச் செய்த கருத்தடை ஆபரேஷன். சினைப்பையை எடுத்ததும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, சிறுநீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசை நாளாக நாளாகத் தளர்கிறது, விழித்திருக்கும்போது சமாளித்துவிடும், படுத்துத் தூங்கும்போதுதான் கசியும். பாக்ஸர், டாபர்மேன் மாதிரிப் பெரிய இனங்களில் இது அதிகமாம். ஆபரேஷன் நடந்து வருடக்கணக்கில் கழித்துக்கூட வரலாம்.

புரோபாலின் சிரப் கொடுத்தார், அதில் இருப்பது ஃபீனைல்புரோபனோலமீன். அந்தத் தசையை இறுகச் செய்யும் மருந்து. 5 கிலோவுக்கு 0.1 மில்லி என்று கணக்கு, மல்லி 25 கிலோ, ஆக வேளைக்கு 0.5 மில்லி, தினம் மூன்று வேளை, சாப்பாட்டில் கலந்து. தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள் என்றார். ஒரு வாரமாக ராத்திரியில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிண்ணத்தை நிரப்பி வைத்தேன்.

அக்டோபர் 18, சனி
இரண்டு நாளாகப் புடவை காய்ந்தே இருக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்
நேற்று தீபாவளி, வீடு நிறைய ஆட்கள். மத்தியான வேளையும் ராத்திரி வேளையும் விட்டுப்போனது. காலையில் புடவை சொதசொதவென்று இருந்தது. இது நோயைத் தீர்க்கிற மருந்து இல்லை, கொடுக்கிற வரைக்கும்தான் பிடித்து நிறுத்தும். செல்போனில் மூன்று அலாரம் வைத்தாயிற்று. ஈரம் பட்டுத் தோல் சிவந்திருந்த இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து ஒற்றி எடுத்தேன். இந்த முறை ஒரு வார்த்தை திட்டவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு
5-ஆம் தேதி இங்கே கை ஃபாக்ஸ் இரவு, ஊரெல்லாம் வெடி வெடித்தபோது அவள் நிலைகொள்ளாமல் நடந்தாள், வெடிச் சத்தம்தான் என்று விட்டுவிட்டோம். நேற்று ராத்திரி தெருவில் ஒரு சத்தமும் இல்லை, ஆனாலும் ஒரு மணி வரை ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள், இளைப்பு வேறு. சாப்பாட்டில் பாதி அப்படியே கிடந்தது. சிரப்பாக இருக்குமோ என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நவம்பர் 11, செவ்வாய்
முன்னங்காலில் சின்னப் பட்டை கட்டிப் பல தடவை ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மேல் அளவு 170. பயத்திலும் ஏறும்தான், ஆனால் தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மருந்துதான் காரணம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். இதே மருந்து ஒரு காலத்தில் மனிதர்களின் சளி மாத்திரையிலும் இருந்தது, மூளையில் ரத்தக்கசிவு அபாயம் என்று 2000-இல் அமெரிக்காவில் விலக்கச் சொன்னார்கள் என்று வீட்டுக்காரர் படித்துக் காட்டினார். நாய்களுக்கு இன்றும் நல்ல மருந்துதான், நிறைய நாய்களுக்கு ஒத்துக்கொள்கிறது. மல்லிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது இன்க்யூரின், எஸ்ட்ரியால் மாத்திரை. குறைந்துபோன ஹார்மோனைக் கொஞ்சம் ஈடுகட்டுவது. எடை எவ்வளவானாலும் 1 மில்லிகிராமில் தொடக்கம், தினம் ஒரு வேளை. கருத்தடை செய்யாத நாய்க்குக் கொடுக்கவே கூடாது. மாத்திரையைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்று மகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 26, புதன்
ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள், பத்து நாளாக ஈரமில்லை. பெண்ணுறுப்பு லேசாக வீங்கியிருக்கிறது, பூங்காவில் ஒரு ஆண் நாய் விடாமல் பின்னாலேயே வந்தது. போன் பண்ணிக் கேட்டேன், இந்த மருந்துக்கு அது வருவதுதானாம், அளவைக் குறைத்தால் வடியும். இன்றிலிருந்து அரை மாத்திரை.

டிசம்பர் 10, புதன்
அரை மாத்திரையிலும் காய்ந்தே இருக்கிறது, வீக்கமும் வடிந்துவிட்டது. எவ்வளவு குறைவாகக் கொடுத்துச் சமாளிக்க முடியுமோ அதைக் கண்டுபிடிப்பதுதான் இனி வேலை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்துப் பார்க்கலாமா என்று அடுத்த வாரம் கேட்க வேண்டும்.

சாயங்காலம் மெத்தையை வெயிலில் வைத்த மாதிரி ஹீட்டர் பக்கத்தில் சூடாக்கிப் போட்டேன். வந்து முகர்ந்தாள். இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒரு காலை மட்டும் வைத்து என்னைப் பார்த்தாள். "படுத்துக்கோடி கண்ணு" என்றேன். படுத்துவிட்டாள். மாத்திரை நாலுதான் மிச்சம் இருக்கிறது, நாளைக்கு வாங்க வேண்டும்.