கொடியை வாங்கத் தங்கச்சியும் சுடுகாட்டுக்கு வந்தாள்

லடாக்கில் பனிச்சரிவு என்று யூனிட்டிலிருந்து போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. என் தங்கச்சி வீட்டுக்காரர் மதராஸ் ரெஜிமென்ட். லே, டெல்லி, மதுரை விமான நிலையம் என்று மாறி மாறி, உடல் ஊர் வந்து சேர மூன்று நாள் ஆனது. இப்படியொரு நாளைச் சந்திக்கிற குடும்பத்துக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முந்தின நாளே ஒரு சுபேதாரும் சில ஜவான்களும் வந்துவிட்டார்கள். சுபேதார் நாகர்கோவில்காரர். புதைப்பதா எரிப்பதா, வண்டி உள்ளே வருமா, துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நிற்க இடம் இருக்கிறதா என்று கேட்டார். சுடுகாடு முழுக்கக் கருவேலம். வி.ஏ.ஓ.விடம் சொன்னோம், சாயங்காலமே ஜேசிபி வந்தது. குளிப்பாட்ட முடியாது, பெட்டியையும் ரொம்ப நேரம் திறந்து வைக்க முடியாது என்று சுபேதாரே பக்குவமாகச் சொன்னார். அதனால் குளிப்பாட்டுவதற்காக எடுத்துவந்த நீர்மாலைத் தண்ணீரைப் பெட்டியைச் சுற்றித் தெளித்ததோடு சரி. இதையெல்லாம் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். உடல் வந்த பிறகு அழுகைக்கு நடுவில் பேச முடியாது.

அடக்கத்துக்கு முன் கொடியை மனைவி கையில் கொடுப்பார்களாம். எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவது வழக்கம். நான் தயங்கினேன்.

"அண்ணே, லீவுக்கு வரும்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு நான்தானே போய்க் கூட்டிட்டு வருவேன். இன்னிக்கு மட்டும் தெருமுனையில நிக்கணுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. பெரியப்பாதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாம்மா" என்றார்.

கலெக்டர், எஸ்.பி. மலர்வளையம் வைத்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் காவி இருக்கும்படி கொடி போர்த்தியிருந்தது. கொடியை உடலோடு புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. ஜவான்கள் அதை எடுத்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரிய இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கொடுத்தார்கள். கூடவே அவருடைய தொப்பி, பெல்ட். தங்கச்சி தொப்பியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அதில் அவர் பேனாவால் எழுதியிருந்த நம்பர் பாதி அழிந்திருந்தது.

துப்பாக்கி முனையைக் கீழே சாய்த்துத் தலைகுனிந்து நின்றார்கள். பியூகிள் ஊதியது. பிறகு வானத்தை நோக்கி மூன்று முறை சுட்டார்கள். குழந்தை இருந்தால் அதற்கு முன்பே காதைப் பொத்தித் தூக்கிக்கொள்ளுங்கள். எங்கள் மருமகன் நாலு வயசு, முதல் சத்தத்திலேயே அலறிவிட்டான். எல்லாம் முடிந்ததும் ஜவான்கள் மண்ணில் குனிந்து, காலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினார்கள்.

பேப்பர் வேலையில் எங்களை அலைக்கழித்தது ஒரே எழுத்துதான். சர்வீஸ் ரெக்கார்டில் தங்கச்சி பெயருக்கு ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு. பென்ஷனும் குரூப் இன்சூரன்ஸும் அதிலேயே நின்றன. வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதவும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவும் சுபேதார்தான் வழி சொன்னார். வீட்டில் யாராவது ராணுவத்தில் இருந்தால், அடுத்த லீவில் உட்கார்ந்து பெயர், பிறந்த தேதி, ஜாயின்ட் அக்கவுன்ட் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடக்கம் முடிந்த அன்று இருட்டுகிற நேரத்தில் சுபேதாரும் ஜவான்களும் கிளம்பினார்கள். துஷ்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது சுபேதாருக்கும் தெரியும். திண்ணையில் வைத்திருந்த போட்டோவுக்கு முன் நின்று ஒரு சல்யூட் அடித்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வண்டியில் ஏறினார்.