பெயரை மறைக்கச் சொன்ன படிவம்

மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடமிருந்து என் விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் இரண்டு முறை என் தப்பு: தேதி விட்டுப்போயிருந்தது, ஒரு இணைப்பைக் காணோம். மூன்றாவது முறை திரும்பியதற்குக் காரணம் கூடை முடையும் ஒரு அக்கா. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு, கைவினைஞர்களுக்குப் படைப்புப் பொருளாதாரத்தில், அதாவது கலையும் கற்பனையும் சார்ந்த தொழில்களின் வருமானத்தில், என்ன பங்கு கிடைக்கிறது என்பது. ஐ.நா. 2021-ஐ அந்தப் பொருளாதாரத்துக்கான ஆண்டாக அறிவித்தது. கைவினையையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் அறிக்கைகளில் ஏற்றுமதிப் புள்ளிவிவரம் கிடைக்கும் அளவுக்கு முடைபவர் கைக்கு என்ன வந்தது என்பது கிடைப்பதில்லை. அதனால் கூடை முடையும் 14 பேர் கொண்ட ஒரு குழுவோடு சேர்ந்தே ஆய்வைச் செய்வது என்று முடிவெடுத்தேன். கேள்விகளை அவர்களும் எழுதுவார்கள், பேட்டியை அவர்களே எடுப்பார்கள்.

விண்ணப்பம் எழுதும்போது என் வழிகாட்டி ஒரு வேலை கொடுத்தார். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணி வரைந்தார்; மேலே ஏற ஏற மக்கள் கையில் அதிகாரம் கூடும். "உன் ஆய்வு எந்தப் படியில் நிற்கிறது, சொல்லு." ஆறாவது படி, கூட்டாண்மை என்றேன். அவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு நாலு என்றார். நாலாவது படி வெறும் கருத்துக் கேட்பு. பட்ஜெட்டில் குழுவுக்கென்று ஒரு வரிகூட நான் போட்டிருக்கவில்லை. மறுத்துப் பேச முடியவில்லை.

சரி, பட்ஜெட்டைத் திருத்தி, ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொண்டு கூடை முடையும் குழுவிடம் போனேன். வழக்கமான படிவம்தான்: "உங்கள் பெயரும் அடையாளமும் எங்கும் வெளியிடப்படாது." நான் வாசித்து முடித்ததும் அந்த அக்கா பாதி முடைந்த கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"ஏன் தம்பி, கூடையோட படம் போடுவீங்களா?"

"போடுவேன்க்கா."

"அதை முடைஞ்சது யாருன்னு போட மாட்டீங்க?"

"உங்க பாதுகாப்புக்குத்தான்க்கா..."

"கடைக்காரனும் என் பேரைப் போடறதில்லை. அவன் பாதுகாப்புன்னு சொன்னதில்லை, அவ்வளவுதான்."

அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் டஸ்கீகீயில் சிஃபிலிஸ் நோயாளிகளான கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை தராமலே பல்லாண்டுகள் கவனித்து வந்தார்கள். அது 1972-இல் அம்பலமானது. பிறகு மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறி வகுத்து 1979-இல் வந்த பெல்மாண்ட் அறிக்கை இன்றைய நெறிமுறை விதிகள் பலவற்றுக்கும் அடித்தளம். நோயாளியின் பெயரை மறைப்பது அவருக்குக் கவசம். கைவினைஞருக்கோ பெயர்தான் மூலதனம். அதை மறைத்தால் அவர் வேலை அநாதையாகிவிடுகிறது.

படிவத்தைக் குழுவோடு உட்கார்ந்து மாற்றி எழுதினோம். ஒரே கையெழுத்துக்குப் பதில் பெயர், முகம், குரல், பின்னல் முறை, வருமானம் என்று தனித்தனிக் கட்டம். ஒவ்வொன்றையும் வெளியிடலாமா, பெயரோடா, பெயரில்லாமலா என்று அவரவரே குறிக்க வேண்டும். விளிம்பைக் கட்டும் ஒரு முறையை மட்டும் படமெடுக்கவே கூடாது என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அதற்கான கட்டத்தை முன்கூட்டியே கோடு போட்டு அடித்துவிட்டோம்.

இதை அனுப்பியபோதுதான் மூன்றாவது முறை திரும்பி வந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. நிதானமாகப் படித்தால் நெறிமுறைக் குழு கேட்டது நியாயமான கேள்வி: பின்னல் பகுதியில் பெயர் இருக்கிறது, வருமானப் பகுதியில் இல்லை, ஆனால் மொத்தமே 14 பேர், யார் வருமானம் எது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? உண்மைதான். கடன் கொடுத்தவர் கண்ணில் அது பட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்கவில்லை. கடைசியில் வருமானத்தை ஆள்வாரியாகத் தராமல், 14 பேருக்கும் சேர்த்த மொத்தமாக மட்டும் தருவது என்று முடிவானது. கூடவே, தென்னாப்பிரிக்காவின் பூர்வகுடிகளான சான் மக்கள் 2017-இல் தங்களை ஆய்வு செய்ய வருபவர்களுக்கென்று தாங்களே நெறிமுறை வெளியிட்டதையும் விளக்கக் கடிதத்தில் சேர்த்தேன். நாலாவது முறை அனுமதி வந்தது.

பல்கலைக்கழக நிதிப் பிரிவு தனிக் கதை. மதிப்பூதியம் தர ஒவ்வொருவரையும் 'பொருள் வழங்குநர்' என்று பதிவு செய்யச் சொன்னார்கள். என்ன பொருளை வழங்கினார்கள் என்று கேட்டிருந்த இடத்தில் "அறிவு" என்று எழுதினேன். செல்லாது என்று வந்தது. "சேவை" என்று மாற்றினேன், போய்விட்டது.

கட்டுரை எழுதும் கட்டத்தில் மூன்று பேரை இணை ஆசிரியர்களாகச் சேர்த்தோம். ஆசிரியர் என்று பெயர் போட மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நாலு நிபந்தனை வைத்திருக்கிறது. நாங்கள் அனுப்பிய இதழும் அதையே கேட்டது. பங்களிப்பு, இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பு மூன்றும் சிக்கலில்லை. வரைவை எழுதியோ திருத்தியோ இருக்க வேண்டும் என்பதுதான் இடித்தது, ஏனென்றால் அக்காவுக்கு வாசிப்பு அவ்வளவாக வராது. அதனால் இரண்டு மாலை உட்கார்ந்து முழு வரைவையும் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் வந்த திறமை" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"யாரு சொன்னா? எட்டு வருசம் விரலைக் கிழிச்சுக்கிட்டுக் கத்துக்கிட்டது."

அந்த வாக்கியத்தை அடித்தோம். அதைச் சார்ந்திருந்த பத்தியும் நிற்கவில்லை, அதையும் எடுத்தோம். பயிற்சிக்காலத்துக்குக் கூலி உண்டா என்று ஒரு புதுப் பத்தி வந்தது. என் கண்ணுக்கு இப்போது கட்டுரையிலேயே உருப்படியான பகுதி அதுதான். அப்புறம் இதழின் இணையதளம் ஒவ்வொரு ஆசிரியருக்கும் நிறுவனத்தின் பெயர் கேட்டது. குழுவின் பெயரையே போட்டோம், ஏற்றுக்கொண்டது.

கட்டுரை இப்போது மதிப்பாய்வில் இருக்கிறது. மதிப்பூதியத்தின் கடைசித் தவணை இன்னும் வரவில்லை. போன வாரம் அக்கா போனில் முதலில் கேட்டது அதைத்தான்.