"எந்த ஊரில்?" – சீனத் தலைமை மாற்றத்தை நான் படித்த விதம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதியவன் நான். மாதிரித் தேர்வு ஒன்றில், தலைமை மாற்றங்கள் சீனாவின் வெளியுறவை எப்படிப் பாதித்தன என்று 15 மதிப்பெண் கேள்வி வந்தது. "1978இல் டெங் சியாவ்பிங் அதிபரானார், அமெரிக்காவுடன் நட்பு பிறந்தது" என்று கம்பீரமாகத் தொடங்கினேன். திருத்தியவர் 'அதிபரானார்' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் "எந்த ஊரில்?" என்று எழுதியிருந்தார். கிடைத்தது 4 மதிப்பெண்.

பொருளாதாரச் சீர்திருத்தங்களால் பெயர்பெற்ற டெங் ஒருநாளும் அதிபராக இருந்ததில்லை. 1978 டிசம்பரில் கட்சித் தலைவர், பிரதமர், மத்திய இராணுவ ஆணையத் தலைவர் ஆகிய மூன்று நாற்காலிகளிலும் இருந்தவர் ஹுவா குவோஃபெங். அரசில் டெங் வெறும் துணைப் பிரதமர். ஆனால் கட்சியின் மூத்தவர்களும் தளபதிகளும் அவர் பக்கம். நட்பு அவரால் பிறந்தது என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்க அதிபர் நிக்ஸன் பெய்ஜிங்குக்கு வந்தது 1972இல், மாவோ உயிரோடு இருந்தபோதே. 1979 ஜனவரி 1 அன்று முழுத் தூதரக உறவு தொடங்கியது, அந்த விதையின் விளைச்சல்.

அதன்பின் படிக்கும் முறையை மாற்றினேன். கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறம் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் யார் எந்தப் பதவிக்கு எப்போது வந்தார் என்றும், வலப்பக்கம் அந்த மாதங்களின் வெளியுறவு நிகழ்வுகளையும் எழுதினேன். 1979 பிப்ரவரித் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் டெங் அமெரிக்கப் பயணத்தில் இருக்கிறார். 17ஆம் தேதி சீனப் படை வியட்நாமுக்குள் நுழைகிறது. அப்போது சீனாவில் விருந்தினராக இருந்த நம் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய், பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்புகிறார். 'சீர்திருத்தவாதி வந்தார், சமாதானம் வந்தது' என்ற என் சூத்திரம் அந்த ஒரு தாளிலேயே உடைந்துபோனது. இந்தியாவுடன் உறவு சீராக, ராஜீவ் காந்தி பெய்ஜிங் சென்ற 1988 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பதவிகளில், படையைக் கையில் வைத்திருக்கும் இராணுவ ஆணையத் தலைமையின் மேல் தனிக்கண் வையுங்கள். ஹூ ஜின்டாவ் 2002 நவம்பரில் கட்சியின் உச்சப் பதவியான பொதுச்செயலாளர் ஆனார். ஆனால் அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த ஜியாங் ஸெமின் இராணுவ ஆணையத்தை 2004 செப்டம்பர் வரை விடவில்லை. சாவிக்கொத்தை இடுப்பிலேயே வைத்திருக்கும் மாமியார் மாதிரி. ஷி ஜின்பிங்குக்கோ 2012 நவம்பரில் இரண்டும் ஒரே நாளில் கிடைத்தன. 2013 மார்ச்சில் அதிபரானதும் முதலில் மாஸ்கோ சென்றார். செப்டம்பரில் கஜகஸ்தானில் பட்டுப்பாதைப் பொருளாதாரப் பட்டையை ('பெல்ட் அண்ட் ரோடு' திட்டத்தின் 'பெல்ட்') அறிவித்தார். ஹூவுக்கு இல்லாத அந்த வேகத்துக்கு இந்த ஒப்படைப்பும் ஒரு காரணம் என்று எழுதுவேன். அதுமட்டுமே காரணம் என்று எழுத மாட்டேன்.

வெளியுறவு அமைச்சர் மாறினால் பதற வேண்டாம். சின் காங், பதவியேற்ற ஏழே மாதத்தில், 2023 ஜூலையில் நீக்கப்பட்டு, வாங் யி மீண்டும் வந்தார். செய்தித்தாள்களில் அமர்க்களம், கொள்கையில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. அங்கே அமைச்சருக்கு மேலே கட்சியின் மத்திய வெளியுறவு விவகார ஆணையம் இருக்கிறது. அமைச்சு அதைச் செயல்படுத்தும் இடம்தான்.

பெயர்களை எந்த எழுத்துக்கூட்டலில் தொடங்கினீர்களோ அதையே கடைசிவரை எழுதுங்கள். ஒரே தாளில் சியாவ்பிங், ஷியோபிங், சியாபிங் என்று மூவரை உலவவிட்டிருக்கிறேன்.

எண்களை அளவோடு மனப்பாடம் செய்யுங்கள். அதிபரின் பதவிக்கால வரம்பை நீக்கிய 2018 வாக்கெடுப்பில் ஆதரவு 2,958, எதிர்ப்பு 2, நடுநிலை 3 என்று உருப்போட்டு வைத்திருந்தேன். இதுவரை எந்த விடையிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.