முதுகலை வரலாறும் உத்தரமேரூர்ச் சுவரும்

நாற்பத்தொரு வயதில், தொலைநிலைக் கல்வி வழியாக வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெறுவதற்கு விண்ணப்பித்தபோது, பதவி உயர்வுக்காகவா என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவனுக்கு வரலாற்றுப் பட்டத்தால் எந்த உயர்வும் கிடையாது. பள்ளி நாளிலிருந்தே இருந்த ஆசை என்பதைத் தவிர என்னிடம் வேறு விடை இல்லை.

முதலாண்டு ஏமாற்றமாகவே கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் பழைய வினாத்தாள்களுக்கு விடை சொல்லித் தந்தார்கள். பாடநூல்கள் தேர்வு முடிந்த பிறகு அஞ்சலில் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது, வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதை ஆராயும் வரலாற்று வரைவியல் தாள் ஒன்றுதான். சோழர் அரசை வலிமையான நிர்வாகம் கொண்ட பேரரசாகக் கண்ட நீலகண்ட சாஸ்திரியும், அதே அரசைத் தளர்வான கூறுகளின் தொகுப்பு என்று 1980 இல் வாதிட்ட பர்ட்டன் ஸ்டைனும், கல்வெட்டுச் சொற்களை எண்ணிக் கணக்கிட்டு இருவருக்கும் மறுமொழி தேடிய நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் பெரும்பாலும் ஒரே சான்றுகளைத்தான் படித்திருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் அறிந்தேன். நான் படித்த அவர்களின் நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்க் கல்வெட்டைப் புரிந்துகொள்ள அகராதியும் கையுமாக ஆங்கில நூலைப் படித்த விசித்திரத்தை இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு.

இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு உத்தரமேரூரைத் தேர்ந்தெடுத்தேன். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்து ஊர்ப் பொறுப்பாளர்களைத் தேர்ந்த குடவோலை முறையை எல்லோரும் பள்ளியிலேயே படித்திருப்பதால், எளிதாக முடித்துவிடலாம் என்பதுதான் உண்மையான காரணம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இம்முறையைச் சொல்லும் இரண்டு கல்வெட்டுகளையும் 919, 921 என்று புத்தகங்கள் குறிக்கின்றன. ஆனால் கல்லில் அந்த எண்கள் இல்லை. மதுரை கொண்ட கோப்பரகேசரிவர்மனின் பன்னிரண்டாம் ஆண்டு, பதினான்காம் ஆண்டு என்றே இருக்கிறது. மதுரை கொண்டவன் சோழ அரசன் முதலாம் பராந்தகன் என்று அடையாளம் கண்டு, அவன் ஆட்சி 907 இல் தொடங்கியது எனக் கணித்த பிறகே நமக்கு அந்த எண்கள் கிடைக்கின்றன. முப்பது ஆண்டுகளாக மனப்பாடமாகச் சொல்லிவந்த ஓர் ஆண்டுக்குப் பின்னால் இத்தனை வேலை இருக்கிறதா என்று அன்று வியந்தேன்.

முழு வாசகத்தையும் படித்தபோது, 'அன்றே இருந்த மக்களாட்சி' என்ற பாடநூல் வாக்கியம் கலையத் தொடங்கியது. கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உள்ளவரே ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியுடையவர். அரைக்கால் வேலி மட்டும் உள்ளவருக்கு அதற்கு ஈடாகக் கூடுதல் கல்வி வேண்டும். இது பிராமணர் ஊரின் சபை. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்தும் ஓலைகளைத் திரட்டிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அந்தச் சிறுவனின் தாயோ ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதி பெற்றவர் அல்லர்.

இருந்தாலும் என்னைப் பிடித்து நிறுத்தியவை தகுதிகளைவிடத் தகுதியின்மைகளே. வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்களும், அத்தை மக்களும், மாமனாரும், மருமகனும், தகப்பனும், மகனும் விலக்கப்பட்டார்கள். பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. எங்கள் அலுவலகத்தில் வரும் ஒவ்வொரு சுற்றறிக்கைக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் செய்த காரியம் இருக்கும். 'மருமகன் பெயரில் ஒப்பந்தம் தரக்கூடாது' என்று ஓர் உத்தரவு வந்தால், எங்கோ ஒரு மருமகனுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று பொருள். அந்தப் பழக்கத்தோடு இந்தப் பட்டியலைப் படித்தபோது, ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் வாரியம் வைத்திருந்த ஊரில், கணக்குக் காட்டாமல் போனவர்களும் அவர்களுக்குப் பதிலாக அமர்ந்த உறவினர்களும் கண்முன் வந்தார்கள். 919 இல் செய்த ஏற்பாடு இரண்டே ஆண்டுகளில் மாற்றப்பட்டு, முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்றானதையும், இரண்டு முறையும் அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருந்ததையும் இந்தக் கோணத்தில்தான் ஆய்வேட்டில் விளக்கினேன். விதியைச் சாதனையாகப் படிக்காமல் முறையீடாகப் படித்தேன் என்று சொல்லலாம்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பகுதியைப் பாராட்டிவிட்டு, ஏரி வாரியத்தின் ஏரியைத் தூர்வாரியவர்கள் எங்கே வசித்தார்கள் என்று கேட்டார். என் தொண்ணூறு பக்கங்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பட்டம் தபாலில் வந்துவிட்டது. நான் இப்போது உத்தரமேரூரின் மற்றக் கல்வெட்டுகளில் அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்; பெரும்பாலும் நில எல்லை சொல்லும் வரிகளில்தான் அவர்கள் அகப்படுவார்கள் என்று நினைக்கிறேன்.