மேல்மாடி வீடு வாங்கினோம்: மூன்று நடைக்குப் பிறகு கிடைத்த ஒரு ரசீது

பத்திரம் முடிந்து வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரே ஒரு ரசீதுக்காக மூன்று முறை அலைய வைத்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மேல்மாடி வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மூலப்பத்திரம், வில்லங்கம், நிலுவை வரி எல்லாம் வழக்கறிஞர் பார்த்து முடித்தார். அதில் சிக்கலே இல்லை. சிக்கல் முழுக்க எங்கள் தலைக்கு மேலே இருந்த தளத்தில்தான்.

விற்றவர் முதல் நாளே சொன்னது: "மொட்டை மாடியில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை இப்போதுதான் முடிந்தது." நல்லது, ரசீதைக் காட்டுங்கள் என்றோம். குடியிருப்போர் சங்கத்தில் இருக்கிறது என்றார். முதல் நடை வீண். மாடிக் கதவு பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்த காவலாளி விடுப்பில். இரண்டாம் நடையில் சங்க அலுவலக எழுத்தர், கோப்பு பொருளாளரிடம் என்றார். பொருளாளர், செயலாளரிடம் என்றார். உறுப்பினர் அல்லாதவர்களுக்குக் காட்ட முடியாது என்பதை மூன்றாம் நடையில்தான் வாய் திறந்து சொன்னார்கள். விற்பவர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் கோப்பு வந்தது. முதல் நாளே அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். நீங்கள் அப்படியே செய்யுங்கள். மாடிச் சாவி யாரிடம், எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதையும் கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரசீதைப் பிரித்தால், வேலை நடந்தது தளத்தின் ஒரு பாதியில் மட்டும். எங்கள் படுக்கையறைக்கு மேலே உள்ள பாதியில் பழைய பூச்சுதான். விற்றவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லவில்லை. அந்த ஒரு தாள் இல்லாமல் முன்பணம் கொடுத்திருந்தால் முதல் மழையிலேயே வருந்தியிருப்போம்.

ஆகவே தளத்தை நீங்களே ஏறிப் பாருங்கள். நீர் வடியும் வாட்டம் மீட்டருக்கு 1 செ.மீ. அளவாவது இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். வடிகுழாய் வாய்களை எண்ணி, இலையும் குப்பையும் அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலையில் விரிசல் இருந்தால் தண்ணீர் அங்கேதான் முதலில் இறங்கும். அந்த மூலையைச் சாந்தால் வளைவாகப் பூசியிருந்தால் நல்லது. தொட்டித் தாங்கி, கம்பத்தின் அடி, தொலைத்தொடர்பு கோபுரத்தின் போல்ட் என்று தளத்தைத் துளைத்து நிற்கும் எதுவும் கசிவுக்கு வழி. கோபுரம் இருந்தால் அதன் வாடகை யாருக்குப் போகிறது, தளம் பழுதானால் யார் சரிசெய்வது என்று ஒப்பந்தத்தைக் கேளுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் நீர் தேக்கிச் சோதிக்கச் சொல்லலாம். வடிகுழாய் வாயை அடைத்து, 2.5 முதல் 5 செ.மீ. வரை தண்ணீர் நிறுத்தி, 24 முதல் 48 மணி நேரம் விட வேண்டும். 5 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். அதனால் பழைய கட்டிடத்தில் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். கீழே எங்கே ஈரம் தெரிகிறதோ அதற்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் மின்கம்பிக் குழாய் வழியே ஓடி, வேறு அறையின் விளக்கு மாட்டும் துளையில் சொட்டும்.

வீட்டுக்குள் பார்க்கும்போது ஒரே ஓர் அறையின் கூரைக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். பரணுக்குள்ளும் அலமாரிக்கு மேலேயும் டார்ச் அடியுங்கள், அங்கே யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் வந்து போகிறது. நேர்கோட்டில் துருக்கறை தெரிந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது. அந்த இடத்தைக் கட்டையால் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும். அதற்குப் பூச்சு போதாது, பெரிய செலவு.

வெயில் விஷயத்தில் எல்லோரும் தவறுவது நேரத்தில். காலை பதினோரு மணிக்கு வீடு குளுகுளுவென்று இருக்கும். தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகுதான் உள்ளே இறக்கும். இரவு எட்டு மணிக்குப் போய், கூரையைத் தொட்டுப் பார்த்து, இரண்டு மாடி கீழே உள்ள வீட்டோடு ஒப்பிடுங்கள்.

தண்ணீர் அழுத்தம் மேல்மாடியின் நிரந்தரக் குறை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். தொட்டி ஷவருக்கு இரண்டே மீட்டர் மேலே இருந்தால் வெறும் 0.2 பார். உடனடிச் சூடாக்கிகள் பல அந்த அழுத்தத்தில் இயங்காது. 10 லிட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். ஒன்றேகால் நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 8 லிட்டர், போதும். சமையலறைக் குழாயையும் திறந்து வைத்து மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏற்றும் சிறிய பம்ப் பொருத்தச் சங்கம் அனுமதிக்குமா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள்.

லிஃப்ட் மோட்டார் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சுவரில் கையை வைத்துக்கொண்டு, வேறொருவரை லிஃப்ட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அதிர்வு கைக்குத் தெரியும்.

அக்கம்பக்கம் பார்க்க, வேலை நாளில் காலை எட்டுக்கு ஒரு முறை, இரவு பத்துக்கு ஒரு முறை, மழை விட்டதும் ஒரு முறை போனோம். பேருந்து நிறுத்தம் ஐந்து நிமிட நடை என்றார்கள். ஐந்து நிமிடத்தில் நடக்க முடிவது ஏறத்தாழ 400 மீட்டர்தான். எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. பக்கத்தில் காலி மனை இருந்தால், இன்றைய காற்றையும் வெளிச்சத்தையும் நம்பி விலை பேசாதீர்கள், அங்கே எத்தனை மாடி கட்ட அனுமதி உண்டு என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். வெள்ளம் மேல்மாடிக்கு வராது என்ற தைரியமும் வேண்டாம். தெருவில் தேங்கும் நீர் மின்மீட்டர் பலகையையும் லிஃப்ட் குழியையும் நிலத்தடித் தொட்டியையும் தொட்டுவிட்டால், மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் படியேறி இறங்குவது நீங்கள்தான். சுற்றுச்சுவர்களில் பழைய நீர்க்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

அளவெடுப்பில் இன்னொரு தடுமாற்றம். விளம்பரத்தில் சொன்ன பரப்பில் படிக்கட்டு, நடைபாதைப் பங்கும் சேர்ந்திருந்தது. சுவருக்குச் சுவர் நாமே டேப் பிடித்ததில்தான் உண்மையான பரப்பு தெரிந்தது. அடைத்துக் கட்டிய பால்கனியும் அங்கீகரித்த வரைபடத்தில் இல்லை. வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுக்காததால் கடன் தொகை குறைந்தது. மாடியில் தனி அறை போட்டு விற்கிற வீடுகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கடைசியில் அந்த ரசீதே எங்களுக்குக் கைகொடுத்தது. மீதிப் பாதித் தளத்துக்கு இரண்டு ஒப்பந்ததாரர்களிடம் மதிப்பீடு வாங்கி மேசையில் வைத்தோம், விற்றவர் முழுத் தொகையையும் விலையில் கழித்தார். தளம் பொதுச் சொத்து, பழுதுச் செலவு எல்லா வீட்டுக்கும் பொது என்று சங்கத்தின் கடிதமும் வாங்கினோம், செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் போட்டு. அதன் நகல் ஒன்று பத்திரத்தோடு இருக்கிறது.