காரண்ட் துப்பாக்கியின் காலிக் கூடுகள்

சுங்கை சிப்புட், 9 மார்ச் 2024, சனி

டெக்சஸில் இருக்கும் அக்காள் மகன், தன் எம்1 காரண்ட் (சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பழைய அமெரிக்க இராணுவத் துப்பாக்கி) சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைச் சரியாக வெளியே தள்ளுவதில்லை என்று புலனத்தில் எழுதி, "வெடிமருந்தைக் கொஞ்சம் கூட்டிவிடட்டுமா, மாமா?" என்று கேட்டிருக்கிறான். வேண்டவே வேண்டாம் என்று உடனே பதில் அனுப்பினேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உள்ள நம் நாட்டில் வீட்டில் தோட்டாவுக்கு மருந்தடைப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. அங்கே அது பலருக்கும் பொழுதுபோக்கு. எனவே இராணுவ ஆயுதப் பட்டறையில் கற்றதை வைத்துக்கொண்டு, படங்களைப் பார்த்தே நான் பழுதைக் கண்டறிய வேண்டும். கூடு சேம்பரிலேயே (தோட்டா வெடிக்கும் அறையிலேயே) தங்கிவிடுகிறதா, அல்லது சேம்பரை விட்டு வந்தபின் தெறிக்காமல் போல்டில் (சேம்பரை அடைக்கும், முன்பின் நகரும் பாகத்தில்) அகப்படுகிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன்.

10 மார்ச், ஞாயிறு

இரண்டும் நடக்கின்றன. ஒரு படத்தில் கூட்டின் விளிம்பு, அதை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பற்றிய இடத்தில் பிறை வடிவில் கிழிந்திருக்கிறது. இது பலம் குறைந்த தோட்டாவின் அடையாளமே அல்ல. விசாரித்தபோது, வேறொரு துப்பாக்கிக்காக வாங்கிய, மெதுவாக எரியும் மருந்தையே இதற்கும் அடைத்திருப்பது தெரிந்தது. காரண்டில் போல்டை இயக்கும் தண்டைத் தள்ள வெடிவாயு வெளியேறும் துளை குழல்முனையிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது, மெதுவாக எரியும் மருந்தால் அந்த இடத்திலும் அழுத்தம் தணியாமல் நிற்பதால், தண்டு அளவுக்கு மீறிய வேகத்தில் பின்னே பாய, விரிந்த பித்தளை சுருங்கிச் சேம்பர் சுவரை விடும் முன்பே எக்ஸ்ட்ராக்டர் அதைப் பிடித்து இழுக்கிறது. தொடர்ந்து சுட்டால் தண்டே வளைந்துவிடும். இராணுவத்தில் நாங்கள் பயன்படுத்திய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் வாயுவைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வளையம் இருந்தது. காரண்டில் அப்படி எதுவும் இல்லாததால், தோட்டாவைத்தான் துப்பாக்கிக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்.

ஐ.எம்.ஆர். 4895 போன்ற நடுத்தர வேக மருந்துக்கு மாறி, காரண்டுக்கென்றே அச்சிடப்பட்ட அளவுப் பட்டியலின் தொடக்க அளவிலிருந்து வரச் சொன்னேன். கூடுகளை முழு நீளத்துக்கும் அச்சில் அழுத்தி, ஒவ்வொன்றையும் அளவுக்குழலில் இட்டுப் பார்க்கவும், 63.3 மி.மீ.க்கு மேல் நீண்டவற்றை வெட்டிக் குறைக்கவும் வேண்டும்.

17 மார்ச், ஞாயிறு

விளிம்புகள் இப்போது கிழியவில்லை. ஆயினும் சில கூடுகள் சோம்பலாக விழுகின்றன. ஒன்று போல்டுக்கு முன்னால் நெட்டுக்குத்தாக நின்றுவிட்டது. துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, போல்டைக் கழற்றி, அதன் முகத்தில் துருத்தியிருக்கும், கூட்டை வெளியே தெறிக்கவிடும் எஜெக்டர் முளையை ஒரு மெல்லிய கம்பியால் அழுத்தும்படி சொன்னேன். அது உள்ளே போய், தயங்கித் தயங்கித்தான் வெளியே வந்தது. பிரித்துப் பார்த்ததில், கூட்டின் அடிப்பகுதியிலிருந்து சுரண்டப்பட்ட பித்தளைத் துகள்கள் எண்ணெயோடு குழைந்து, துளைக்குள் பொன்னிறச் சேறாக அடைந்திருந்தன. துடைத்து, ஸ்பிரிங்கை மாற்றியாயிற்று.

மறுபடியும் சுடும்போது மருந்தையோ குண்டையோ மாற்றாமல், இதே தோட்டாக்களையே பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். தண்டின் முனை ஓடும் வாயு உருளையின் தளர்வை அதன் பிறகுதான் பார்க்க வேண்டும்.