கொழுந்து மூட்டைக்குள் கை விட்டுப் பாருங்கள்

இன்று கோத்தகிரிப் பக்கம் நல்ல மழை. பறித்த தேயிலைக் கொழுந்தை மூட்டை கட்டி ரோட்டோரம் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தோம். லாரி வரத் தாமதம். மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்தேன், கதகதவென்று சூடு! பறித்த பிறகும் இலை மூச்சு விடும். நெருக்கி அடைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். பறித்தவர்களின் ஒரு நாள் உழைப்பு அது, மனசு பதறுகிறது.

ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். குறைகிற எடை முழுக்கத் தண்ணீர்தான். அதை விரட்ட ஃபேக்டரி அடுப்பில் விறகு எரிகிறது. மழைநீர் சொட்டும் இலை போனால் விறகு இன்னும் கூடும்.

பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல் கணக்கும் காட்ட வேண்டும் என்று 2022-23 முதல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் டீ பாக்கெட் விற்பவர்கள் அந்தக் கணக்கை ஆபீஸ் கரண்ட் பில்லோடு நிறுத்திவிடக் கூடாது, இந்த ரோட்டோரம் வரை வந்து பார்க்க வேண்டும். காற்றோட்டமான வலைப்பை, லாரிக்கு இன்னொரு நடை, கூரை போட்ட எடைமேடை, இவ்வளவுதான் தேவை. அந்தச் செலவை எங்கள் இலை விலையில் பிடிக்காமல் அவர்களும் பங்கு போட வேண்டும்.

நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனோடு சேர்ந்து தகரக் கொட்டகைக்குக் கால் நடுகிறோம்.